சோளம் முற்றியதை அறிவது எப்படி?

“உறை காய்ந்துவிட்டது, முறிக்கலாமா?” காலபோகச் சோளம் முற்றிவரும் தை, மாசி மாதங்களில் தர்மபுரத்து மேட்டுக்காணிகளில் நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. உறையை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. மழை பிந்தினாலோ நோய் பிடித்தாலோ மணி முற்றுமுன்பே உறை வெளுத்துவிடும். மணியைத்தான் பார்க்கவேண்டும்.

காணியின் வெவ்வேறு இடங்களில் நான்கைந்து பொத்திகளை எடுத்து இரண்டாக முறியுங்கள். நடுவிலுள்ள மணிகளில், முளை இல்லாத பக்கத்தைக் கவனியுங்கள். மேலே கெட்டியான மஞ்சள் நிறமும் கீழே பால்வெள்ளையும் இருக்கும். இடையில் ஒரு கோடு தெரியும். நாட்கள் செல்ல அக்கோடு மணியின் உச்சியிலிருந்து அடியை நோக்கி இறங்கும். கோட்டுக்குக் கீழே நகத்தால் அழுத்தினால் பால் கசியுமானால் இன்னும் பொறுக்கவேண்டும்.

கோடு மறைந்தபின், பொத்தியோடு ஒட்டியிருந்த கூர்முனையைச் சுரண்டிப் பாருங்கள். அங்கே கறுத்த படை ஒன்று தெரிந்தால் மணி முற்றிவிட்டது. செடியிலிருந்து மணிக்கு உணவு செல்லும் வழி அடைபட்டதன் அடையாளம் அது. அதன்பின் தண்ணீர் விட்டாலும் உரம் போட்டாலும் மணி பருக்காது. கடும் வறட்சியில் மணி சிறுத்திருக்கும்போதே இப்படை தோன்றுவதும் உண்டு. அப்போதும் காத்திருப்பதால் பயனில்லை.

ஆனால் முற்றியது வேறு, காய்ந்தது வேறு. படை கறுக்கும்போது மணியில் நூற்றுக்கு 30 முதல் 35 பங்கு ஈரம் உண்டு. சேமிப்பதற்கு அது 13க்கு இறங்கவேண்டும். ஈரத்தோடு சாக்கில் கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். சில பூஞ்சணங்களின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும்; அத்தகைய சோளத்தைக் கோழிக்கும் போடக்கூடாது. காய்ந்ததா என அறிய, உலர்ந்த போத்தலில் கொஞ்ச மணியும் நன்கு காய்ந்த உப்பும் இட்டுக் குலுக்கிச் சிறிது நேரம் வையுங்கள். உப்பு போத்தலில் ஒட்டினால் இன்னும் வெயில் வேண்டும்.

பச்சைப் பொத்தியை அவித்து உண்ணவேண்டாம் என்று சொல்ல நாம் வரவில்லை. பிள்ளைகள் பசித்திருக்கும் வீட்டில் அது நியாயமான பேச்சும் அல்ல. விதைப் பொத்திகளை மட்டும் முன்கூட்டியே துணி கட்டி ஒதுக்கிவிடுங்கள். 2009 ஜனவரியில், காலபோகப் பயிர் நிலத்தில் நின்ற வேளையிலேதான் சனம் தர்மபுரத்தை விட்டுப் புறப்பட்டது. திரும்பி வந்தவர்களுக்கு விதை எவ்வளவு அருமையானது என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

விதைக்கு ஒரே செடியை நம்பாமல், காணியின் நடுவில் நிற்கும் பல செடிகளிலிருந்து எடுங்கள். பொத்தியின் இரு முனை மணிகளையும் உணவுக்கு விட்டு, நடு மணிகளை வையுங்கள். பத்ரா, ருவான் போன்ற இனங்களில் இப்படி விதை எடுக்கலாம். கடையில் வாங்கும் கலப்பின விதையின் விளைச்சலை மறுபோகத்துக்கு விதைத்தால் பயிர் ஒரே சீராக வராது, விளைச்சலும் குறையும். அதை வீட்டுச் சமையலுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.