நாற்பது லீற்றர் சாறு, ஒரு லீற்றர் பாணி

தயிரோடு கித்துள் பாணி சேர்த்து உண்டு பழகிய நமக்கு, மரத்தின் சாற்றைக் காய்ச்சினால் பாணியாகும் என்பது புதிய செய்தியன்று. கனடாவின் கிழக்குப் பகுதியிலும் அதனை அடுத்துள்ள ஐக்கிய அமெரிக்க மாநிலங்களிலும் மேப்பிள் மரத்திலிருந்து இவ்வாறு பாணி எடுக்கிறார்கள். கித்துளில் பூம்பாளையைச் சீவுவார்கள். மேப்பிளில் அடிமரத்தில் துளையிடுவார்கள். ஐரோப்பியர் வருமுன்பே அந்நிலத்தின் பூர்வீக மக்கள் அறிந்திருந்த கலை இது. இன்று அங்குள்ள பல பாடசாலைகளில் மாணவர்கள் தம் கைகளாலேயே செய்து பார்க்கும் செயற்றிட்டமாகவும் இது விளங்குகிறது.

முதல் வேலை மரத்தை அளப்பது. அடிமரத்தின் விட்டம் ஏறத்தாழ 25 சென்ரிமீற்றராவது இருக்க வேண்டும். நிற்கும் மரத்தின் விட்டத்தை நேராக அளக்க முடியாது. ஆகவே மாணவர்கள் நாடாவால் சுற்றளவை அளந்து, அதனை 3.14 ஆல் வகுக்கிறார்கள். சுற்றளவு 78.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் அந்த மரத்தைத் தொடுவதில்லை. மேப்பிள் அந்தப் பருமனை எட்டப் பெரும்பாலும் 40 ஆண்டுகள் செல்லும். வகுப்பறையில் வெறும் சூத்திரமாகத் தோன்றிய கணக்கு, இங்கே ஓர் இளமரத்தைக் காக்கும் விதியாகிவிடுகிறது.

அடுத்தது காலம் பார்ப்பது. கோடையில் இலைகள் தயாரித்த உணவு மாப்பொருளாகத் தண்டில் சேமிக்கப்பட்டிருக்கும். குளிர்காலம் முடியும் வேளையில் அதில் ஒரு பகுதி சீனியாக மாறிச் சாற்றில் கலக்கிறது. இரவில் வெப்பநிலை 0 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது மரத்தினுள் அமுக்கம் குறைந்து, வேர் நீரை உறிஞ்சுகிறது. பகலில் பனி உருகும்போது அமுக்கம் கூடி, துளை வழியே சாறு சொட்டுகிறது. இரவுக் குளிரும் பகல் இளஞ்சூடும் மாறி மாறி வராவிட்டால் வாளி நிறையாது. மொட்டுகள் விரியத் தொடங்கினால் சாற்றின் சுவை கெட்டுவிடும். எனவே மாணவர்கள் நாள்தோறும் வெப்பமானியைப் பார்த்து, கிடைத்த சாற்றின் அளவோடு சேர்த்துக் குறித்து வைக்கிறார்கள். ஆண்டுதோறும் எழுதப்படும் இத்தகைய குறிப்பேடுகள், காலநிலை மாறிவரும் இந்நாளில் பருவம் எப்படி நகர்கிறது என்பதற்குச் சான்றாகின்றன.

துளை ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் அகலமும் 4 அல்லது 5 சென்ரிமீற்றர் ஆழமும் கொண்டது. சாறு வெளியே வழிவதற்காக, உட்புறம் சற்று மேல்நோக்கி இருக்குமாறு துளையிடுவார்கள். அடுத்த ஆண்டு பழைய துளைக்கு அருகே துளைப்பதில்லை. அந்தக் காயம் ஆற மரத்துக்கு அவகாசம் வேண்டும்.

இனிக் காய்ச்சுதல். சாறு நீரைப் போலத் தெளிவாக இருக்கும். அதில் சீனி ஏறத்தாழ 2 சதவீதமே. பாணியிலோ 66 சதவீதம். இடையிலுள்ள நீர் முழுவதும் ஆவியாக வேண்டும். 86ஐச் சாற்றின் சீனிச் சதவீதத்தால் வகுத்தால், ஒரு லீற்றர் பாணிக்கு எத்தனை லீற்றர் சாறு தேவை என்பது கிடைக்கும். 2 சதவீதமானால் 43 லீற்றர். 1 சதவீதமானால் 86 லீற்றர்! ஆவி பெருகுவதால் வெளியிலேயே அடுப்பு மூட்டுவார்கள். நெருப்பருகே பெரியவர் ஒருவர் எப்போதும் நிற்பார்.

நீரின் கொதிநிலையைவிட 4 பாகை செல்சியஸ் கூடியதும் பாணி பதமாகிவிடும். கொதிநிலை இடத்தின் உயரத்தையும் வளியமுக்கத்தையும் பொறுத்து மாறுவதால், முதலில் வெறும் நீரைக் கொதிக்கவைத்து அளந்து கொள்கிறார்கள். பதம் முந்தினால் பாணி விரைவில் பழுதாகும். பிந்தினால் சீனி கட்டிபடும். பின்னர் துணியில் வடித்துக் கனிய மண்டியை நீக்குவார்கள்.

ஒரு துளை ஒரு பருவம் முழுவதும் தரும் சாறு ஏறத்தாழ 40 லீற்றர். அதிலிருந்து கிடைப்பது ஒரு போத்தல் பாணி. 30 பேருள்ள வகுப்பில் பங்கிட்டால் ஆளுக்கு 33 மில்லிலீற்றர், அதாவது இரண்டு மேசைக்கரண்டி மட்டுமே. கடையில் வாங்கிய போத்தலின் விலையைப் படித்து அறியலாம். அந்த இரண்டு கரண்டிக்குப் பின்னால் எத்தனை வாளி, எத்தனை விறகு, எத்தனை நாள் காத்திருப்பு உண்டென்பதைச் சுமந்தும் காய்ச்சியும் பார்த்த பிள்ளையே அறிவாள். அவளுடைய தட்டில் பாணி மிச்சமிருக்காது.