உயிரைச் சுழற்றும் புரோட்டான்கள்

மனித உடலில் எந்த நேரம் அளந்து பார்த்தாலும் ஏடிபி என்ற வேதிப்பொருள் சில பத்து கிராம்தான் இருக்கும். ஆனால் ஒரு நாள் முழுக்க உடல் செலவழிக்கும் ஏடிபியைக் கூட்டினால், கிட்டத்தட்ட அந்த மனிதரின் எடையே வந்துவிடும். தசை சுருங்கவும் நரம்பில் செய்தி ஓடவும் அதுதான் ஆற்றல் தருகிறது. ஆற்றலைக் கொடுக்கும்போது அதிலிருந்து ஒரு பாஸ்பேட் பிரிந்துபோகும். செல் அதைத் திரும்ப ஒட்டவைக்கும். ஒரே மூலக்கூறுக்கு இது தினமும் பல நூறு தடவை நடக்கிறது.

1929இல் ஜெர்மனியில் கார்ல் லோமன் ஏடிபியைக் கண்டுபிடித்தார். அதே ஆண்டு ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்கும் எல்லாப்பிரகட சுப்பாராவும் தனியாக அதையே கண்டறிந்தார்கள். பீமவரத்தில் பிறந்த சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். நம் பாடப்புத்தகங்களில் அவருக்கு இன்னும் பெரிய இடம் கிடைத்திருக்க வேண்டும்.

பிரிந்த பாஸ்பேட்டைத் திரும்ப ஒட்டவைப்பது எது? உணவிலுள்ள எலக்ட்ரான்கள் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் கைமாறிக் கைமாறிக் கடைசியில் ஆக்சிஜனைச் சேர்கின்றன என்பது தெரிந்திருந்தது. அந்த ஆற்றல் ஏடிபிக்குப் போய்ச்சேரும் வழிதான் பிடிபடவில்லை. இடையில் ஏதோ ஒரு வேதிப்பொருள் இருக்க வேண்டுமென்று பல ஆண்டுகள் தேடினார்கள், கிடைக்கவே இல்லை.

அப்படி ஒரு பொருளே தேவையில்லை என்றார் பிரிட்டிஷ் விஞ்ஞானி பீட்டர் மிட்செல், 1961இல். எலக்ட்ரான்கள் நகரும்போது மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வைத் தாண்டிப் புரோட்டான்கள் வெளியே தள்ளப்படுகின்றன. அணையில் தேங்கிய நீர் மதகு வழியே பாய்ந்து டர்பைனைச் சுழற்றுவதுபோல, அவை ஒரு நொதி வழியே உள்ளே திரும்பும் வேகத்தில் ஏடிபி உருவாகிறது என்பது அவர் கருத்து. துறையில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. உடல்நலம் குன்றிப் பல்கலைக்கழகத்தை விட்ட மிட்செல், கார்ன்வாலில் ஒரு பழைய மாளிகையைப் பழுதுபார்த்து, சக ஆய்வாளர் ஜெனிஃபர் மோயிலுடன் அங்கேயே ஆய்வைத் தொடர்ந்தார்.

மெல்ல மெல்லச் சான்றுகள் வந்தன. 1966இல் ஆண்ட்ரே ஜேகன்டார்ஃப் என்ற விஞ்ஞானி கீரையின் பசுங்கணிகங்களை அமிலத்தில் ஊறவைத்து, பிறகு காரக் கரைசலுக்கு மாற்றி, சவ்வின் இரு பக்கமும் புரோட்டான் அளவில் வேறுபாட்டை உண்டாக்கினார். கும்மிருட்டில், துளி வெளிச்சமில்லாமல், ஏடிபி உருவானது. 1974இல் வந்த சோதனை இன்னும் அழகானது. உப்பில் வாழும் நுண்ணுயிரின், ஒளியால் இயங்கும் புரோட்டான் பம்ப், மாட்டு இதயத்தின் ஏடிபி நொதி, சோயா கொழுப்பாலான சவ்வு. ஒன்றுக்கொன்று உறவே இல்லாத இந்த மூன்றையும் சேர்த்து வெளிச்சம் காட்டியதும் ஏடிபி பிறந்தது. 1978இல் மிட்செலுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் கசிவு ஏற்பட்டால் என்னாகும் என்பதை மனிதர்கள் மிட்செலுக்கு வெகுமுன்பே பட்டு அறிந்திருந்தார்கள், காரணம் தெரியாமலே. டைநைட்ரோஃபீனால் என்ற பொருள் உடல் எடையைக் குறைக்கிறது என்று 1933இல் அமெரிக்காவில் அறிவிக்கப்பட்டது. ஏராளமானோர் வாங்கி விழுங்கினார்கள். அது புரோட்டான்களைச் சுமந்து, நொதியைத் தொடாமலேயே சவ்வைக் கடந்துவிடும். உணவு எரியும், ஏடிபி சேராது, ஆற்றல் வெறும் சூடாகிப்போகும். எடை குறைந்தது உண்மை. ஆனால் சிலருக்குக் கண்புரை வந்தது. சிலர் உடல் கொதித்தே இறந்தார்கள். 1938இல் அங்கே அது தடைசெய்யப்பட்டது. இன்றும் இணையத்தில் வாங்கி உயிரை விடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது வேதனை.

ஏடிபியை உருவாக்கும் நொதி டர்பைன்போல உண்மையிலேயே சுழல்கிறதா? 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதன் அச்சில் ஒளிரும் இழை ஒன்றைப் பொருத்தி, ஏடிபியைக் கொடுத்து, இழை சுற்றுவதை நுண்ணோக்கியில் படமெடுத்தார்கள். 2004இல் அதைத் தலைகீழாகச் செய்தார்கள். அச்சில் காந்த மணியை ஒட்டி, காந்தத்தால் எதிர்த்திசையில் சுற்றினார்கள். ஏடிபி வந்ததா என்று பார்க்க, மின்மினியை ஒளிரச்செய்யும் நொதியைக் கரைசலில் சேர்த்திருந்தார்கள். அதற்கு ஏடிபி கிடைத்தால்தான் ஒளி வரும். வந்தது.