இருபத்து நான்கு வரிப் பக்கம்

நம் மத்ரஸாக்களில் ஹிஃப்ழு செய்யும் பிள்ளைகளிடம் ஒரு வழக்கம் உண்டு. ஓதிக்கொண்டு வரும்போது ஓர் ஆயத்தில் தடுமாறினால், கண்களை மூடிக்கொண்டு, அது பக்கத்தின் மேலே இருந்ததா, கீழே இருந்ததா, வலப்புறமா, இடப்புறமா என்று மனத்திற்குள் தேடுவார்கள். ஆகவேதான் ஒரே அச்சிலுள்ள பதினைந்து வரிப் பிரதியைத் தொடக்கம் முதல் இறுதி வரை மாற்றாமல் வைத்திருக்கச் சொல்கிறோம். பிரதி மாறினால் இடம் மாறும். இடம் மாறினால் மனனம் குழம்பும்.

பார்வையற்ற ஹாஃபிழுக்குப் பக்கம் என்பது இல்லை. செவி ஒன்றே துணை. ஆயினும் திருப்பூரில் என்னிடம் ஓதி முடித்த பார்வையற்ற மாணவர் ஒருவர், சென்ற விடுமுறையில் என்னைக் காண வந்தபோது, "எனக்கும் இப்போது ஒரு பக்கம் கிடைத்துவிட்டது, ஹஜ்ரத். இருபத்து நான்கு வரி, வரிக்கு எண்பது எழுத்து" என்றார். கோவையில் வெளிநாட்டுக் காப்பீட்டுக் கணக்குகளைக் கவனிக்கும் ஓர் அலுவலகத்தில் அவர் பணியாற்றுகிறார். அவர் விளக்கியதையும், அதன்பின் நான் தேடிப் படித்ததையும் இங்கே எழுதுகிறேன்.

வங்கி, காப்பீடு, விமானப் போக்குவரத்து போன்ற துறைகளில் மேலைநாட்டுப் பெரிய நிறுவனங்கள் பல, தம் கணக்குகளை இன்றும் 'மெயின்பிரேம்' எனப்படும் பெருங்கணினிகளிலேயே வைத்திருக்கின்றன. நம் மாநிலத்திற்கும் இது புதிதன்று. சென்னை ஐ.ஐ.டி.யில் 1973ஆம் ஆண்டிலேயே ஐ.பி.எம். 370 என்னும் பெருங்கணினி நிறுவப்பட்டது. இத்தகைய கணினியோடு பேசுவதற்காக ஐ.பி.எம். நிறுவனம் 1971இல் 3270 என்ற டெர்மினல் வரிசையை வெளியிட்டது. அதன் திரையில் 24 வரிகள், வரிக்கு 80 எழுத்துகள், ஆக 1,920 எழுத்துகளுக்கு இடம். அந்த டெர்மினல் பெட்டிகள் மறைந்துவிட்டன. ஆனால் அவற்றைப் போலவே நடிக்கும் மென்பொருள் சாதாரணக் கணினிகளில் ஓடுகிறது. திரையின் அமைப்பும் பெரும்பாலும் அதேதான்.

படமில்லை, வெறும் எழுத்து. அப்படியானால் வாசித்துக் காட்டும் கருவிக்கு எளிதுதானே என்று நானும் எண்ணினேன். பாதி உண்மைதான். திரை வாசிப்பான் என்பது திரையிலுள்ள எழுத்தைக் குரலாக மாற்றிச் சொல்லும் மென்பொருள். பழகியவர்கள் அதை வைத்திருக்கும் வேகம், ரமலானில் சில பள்ளிவாசல்களில் தராவீஹ் ஓதப்படும் வேகத்தையும் மிஞ்சிவிடும்! எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அவரோ பாலிசி எண்ணையும் தேதியையும் தவறாமல் திருப்பிச் சொன்னார்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. டெர்மினல் திரை ஓர் அச்சடித்த படிவம் போன்றது. சில இடங்களில் மட்டுமே எழுதலாம், மற்றவை பூட்டப்பட்டவை. ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்திற்குத் தாவ 'டேப்' விசை. எல்லாவற்றையும் நிரப்பி 'என்டர்' விசையைத் தட்டினால்தான் நிரப்பியவை பெருங்கணினிக்குப் போகும். பதிலாகத் திரை முழுவதும் ஒரே நொடியில் மாறிவிடலாம். அல்லது 24ஆம் வரியில் 'எண் தவறு' என்று ஒரு சிறு குறிப்பு மட்டும் வரலாம். கண்ணுள்ளவர் அதைப் பார்த்துவிடுவார். திரை வாசிப்பானோ இயல்பாகத் 'தட்டச்சுக் குறி' நிற்கும் இடத்தைத்தான் சொல்லும். மூலையில் என்ன முளைத்தது என்று அதற்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. பூட்டிய இடத்தில் எழுதப்போனால் விசைப்பலகை உறைந்துவிடும். அடையாளமாக 24 வரிகளுக்கும் கீழே ஓர் 'எக்ஸ்' குறி தோன்றும். அதை அறியாமல் ஒரு முழு முகவரியையும் தட்டிவிட்டு, ஓர் எழுத்தும் பதியவில்லை என்று பிறகு தெரிந்துகொண்ட நாட்கள் உண்டாம்.

இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, திரையையே மனனம் செய்வது. எந்தப் படிவத்தில் எத்தனையாவது வரியில் பெயர், எந்த எழுத்திடத்தில் தொகை என்று அவர் நெஞ்சில் பதித்து வைத்திருக்கிறார். ஹிஃப்ழு செய்த நெஞ்சுக்கு இது பெரிதன்று என்று அவர் சிரித்தபோது எனக்கு உள்ளம் குளிர்ந்தது. மற்றது, திரை வாசிப்பானுக்குச் சிறு கட்டளைக் குறிப்புகள் எழுதித் தருவது: இந்த விசையைத் தட்டினால் கடைசி வரியை வாசி, அந்த இடத்தில் எழுத்து மாறினால் உடனே சொல், என்பது போல. இதை எழுதத் தெரிந்தவருக்கு இது பெரிய வேலையன்று.

ஆனால் அனுமதி வேண்டுமே! இவர் முதலில் சேர்ந்த அலுவலகத்தில், வெளி மென்பொருளை ஏற்றினால் கணக்குகளின் பாதுகாப்பு கெடும் என்று மறுத்துவிட்டார்கள். எழுத்தராக நியமிக்கப்பட்டவர், எட்டு மாதம் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தார். சம்பளம் வந்தது, வேலை வரவில்லை. "அந்தச் சம்பளத்தை வீட்டில் கொடுக்கவே கூச்சமாக இருந்தது" என்றார்.

இந்தக் கருவியின் வரலாற்றில் என் போன்ற ஆசிரியனை நெகிழச் செய்யும் ஒரு செய்தி உண்டு. அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் ஜெஸ்ஸி ரைட் என்ற கணித அறிஞர் இருந்தார், பார்வையற்றவர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அவரிடம் ஆராய்ச்சி செய்து பட்டம் பெற்ற ஜிம் தாட்சர், அதே ஆய்வுக்கூடத்தில் அவருடன் பணியாற்றினார். தம் உஸ்தாத் கணினியைத் தாமே கையாள வேண்டும் என்ற நாட்டத்தில் தொடங்கிய அவரது உழைப்புதான், 1980களின் நடுவில் ஐ.பி.எம். 'ஸ்கிரீன் ரீடர்' ஆக வெளிவந்தது. பிறகு அந்தப் பெயரே இவ்வகை மென்பொருள் அனைத்திற்கும் பொதுப்பெயர் ஆயிற்று. டெட் ஹென்டர் என்னும் மோட்டார் சைக்கிள் பந்தய வீரர் 1978இல் கார் விபத்தில் பார்வையிழந்து, பின் கணினி கற்று, 'ஜாஸ்' என்ற திரை வாசிப்பானை உருவாக்கச் செய்தார். அது விலை மிகுந்தது. 2006இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கரன் தொடங்கிய 'என்.வி.டி.ஏ.' இலவசம், தமிழும் வாசிக்கும். குரல் சற்றுக் கரகரப்பானது.

நம் ஊரில் நிலைமை என்ன? பனியன் கம்பெனியில் தையல், செக்கிங், அயர்னிங் எல்லாம் கண்ணை நம்பிய வேலைகள். ஆகவே பார்வையற்ற பிள்ளை என்றால், குர்ஆன் ஓத வைத்தால் போதும், வீடுகளில் யாஸீன் ஓதிப் பிழைத்துக்கொள்வான் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். இதைச் சொல்ல எனக்கே வெட்கம்தான். நானும் அப்படி எண்ணியவன். அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பாங்கு சொல்லும் பணியை மட்டுமா தந்தார்கள்? தாம் வெளியூர் சென்ற வேளைகளில் மதீனாவின் பொறுப்பையும் அவரிடம் ஒப்படைத்தார்கள்.

சட்டமும் இன்று துணை நிற்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுப் பணிகளில் 4 விழுக்காடு ஒதுக்கி, அதில் 1 விழுக்காட்டைப் பார்வையற்றோருக்கும் குறைபார்வையுடையோருக்கும் தருகிறது. மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. எனினும் நியமன ஆணையைக் கையில் வாங்கும் நாளிலேயே, எந்தத் திரை வாசிப்பானை ஏற்றுவீர்கள், கட்டளைக் குறிப்பு எழுத யாருக்கு அனுமதி என்று எழுத்தில் கேட்டுவிட வேண்டும் என்பது என் மாணவரின் அனுபவ அறிவுரை. இப்போதைய அலுவலகத்தில் அப்படிக் கேட்டார்; முதல் வாரத்திலேயே கிடைத்தது.

இவ்வாண்டு ஹிஃப்ழு வகுப்பில் பதினொரு வயதுப் பார்வையற்ற சிறுவன் ஒருவன் இருக்கிறான். அவனுடைய அத்தா கட்டிங் மாஸ்டர். "ஓதி முடிக்கட்டும் ஹஜ்ரத், கம்ப்யூட்டரைப் பிறகு பார்க்கலாம்" என்றார். இரண்டும் சேர்ந்தே நடக்கட்டும் என்று சம்மதிக்க வைத்தேன். ஞாயிறுதோறும் அஸருக்குப் பின் அரை மணி நேரம். விசைப்பலகையில் எஃப், ஜே விசைகளின் மேலுள்ள சிறு மேடுகளை முதல் நாளே விரலால் தடவிக் கண்டுபிடித்துவிட்டான்.