கூழைக்கடாவின் பாதத்துக்கடியில்: உங்களுக்குத் தெரியுமா?

கூழைக்கடா வயிற்றால் அடைகாப்பதில்லை. விரல்களுக்கிடையே சவ்வு விரிந்த அகலப் பாதங்களை முட்டைமேல் வைத்து, அந்தச் சூட்டிலேயே குஞ்சு பொரிக்கும். நாலைந்து கிலோ எடையுள்ள பறவை அது. ஓடு கெட்டியாக இருந்தால்தான் முட்டை பிழைக்கும்.

இந்தப் பறவைகளைப் பார்க்க ஆசையா? ஆந்திராவின் சூளூர்ப்பேட்டையைத் தாண்டி நெலப்பட்டு ஏரிக்குப் போங்கள். 2022-ல் உருவான திருப்பதி மாவட்டத்துக்குள் இருக்கிறது இந்தச் சரணாலயம். வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பியதும், தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் கூடு கூடாகக் கூழைக்கடா. குஞ்சு, தாயின் தொங்குபைக்குள் தலையையே விட்டு மீனை எடுத்துத் தின்னும். பழவேற்காடு ஏரி பக்கத்திலேயே இருக்கிறது. அதில் வந்து விழும் காளங்கி ஆறு வழியெல்லாம் வயல்களின் வடிநீரைச் சேர்த்துக்கொண்டு வருகிறது.

வயலில் அடிப்பதை நாம் 'மருந்து' என்கிறோம். சித்தூர்ப் பக்கத் தெலுங்கிலும் அது 'மந்து'தான். அந்த மருந்துகளில் ஒன்றாக இருந்த டி.டி.டி., உடம்புக்குள் டி.டி.இ. என்ற பொருளாக மாறி, கொழுப்பில் தங்கிவிடும். நீரில் துளியாக இருப்பது புழுவிலும் சிறு மீனிலும் பெருகி, மீன்தின்னிப் பறவைக்கு வரும்போது பல்லாயிரம் மடங்காகிறது. பறவை சாவதில்லை. ஆனால் முட்டை ஓடு உருவாகும் பையில் சுண்ணாம்புச் சத்து சரியாகப் படிவதில்லை. ஓடு மெலிந்துபோகிறது.

மெலிந்தால் என்ன ஆகும்? கலிபோர்னியாக் கடலோரம் அனகாபா என்றொரு தீவு. 1970-ல் அங்கே 550-க்கு மேற்பட்ட ஜோடிப் பழுப்புக் கூழைக்கடாக்கள் கூடு கட்டின. பிழைத்தது ஒரே ஒரு குஞ்சு. மற்ற முட்டைகள் பெரும்பாலும் அடைகாத்த பறவையின் பாதத்துக்கடியிலேயே நொறுங்கின. இதை எழுதும்போதே மனசு கனக்கிறது.

இந்தியாவில் விவசாயத்துக்கு டி.டி.டி. 1989-ல் தடை செய்யப்பட்டது. கொசு ஒழிப்பு போன்ற பொதுச் சுகாதாரப் பணிகளுக்கு மட்டும் அனுமதி தொடர்ந்தது. பி.எச்.சி. என்ற இன்னொரு பூச்சிமருந்துப் பவுடர் 1997 வரை கடையில் கிடைத்தது. தென்னிந்தியப் பறவைகளின் உடலில் இவ்விரண்டின் மிச்சமும் இருந்ததை, 1998-ல் வெளியான இந்திய–ஜப்பானிய ஆய்வு காட்டியது.

கெடுதல் பூச்சிமருந்தோடு நிற்கவில்லை. சித்தூர் வெல்லத்துக்குப் பேர்போன மாவட்டம். கரும்பிலும் சோளத்திலும் களைக்கொல்லியாக அடிக்கப்படுவது அட்ரசின். தண்ணீரில் நூறு கோடியில் இரண்டரைப் பங்கு அட்ரசின் கலந்து ஆண் தவளைகளை வளர்த்தார் அமெரிக்க விஞ்ஞானி டைரோன் ஹேய்ஸ். பத்தில் ஒன்று பெண்ணாகவே மாறி முட்டையிட்டது! 2010-ல் வந்த முடிவு இது. அந்த முட்டைகளில் பிறந்தவை அத்தனையும் ஆண். கரும்புத் தோட்டத்து வாய்க்காலில் மழையிரவில் கேட்கும் தவளைக் கச்சேரியை நினைத்துப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2004-லேயே அட்ரசினைக் கைவிட முடிவெடுத்துவிட்டது.

கடலிலும் இதே கதைதான். கப்பலின் அடிப்பாகத்தில் பூசிய, டி.பி.டி. என்ற வேதிப்பொருள் கலந்த பெயின்ட், பெண் கடல் நத்தைகளுக்கு ஆண் உறுப்பை முளைக்க வைத்தது. 2008-ல் உலகளாவிய தடை அமலுக்கு வந்தது.

கனடாவில் ஒரு சிறு ஏரியில், கருத்தடை மாத்திரையில் உள்ள ஹார்மோனை மூன்று கோடைகள் கலந்து பார்த்தார்கள். லிட்டருக்கு 5, 6 நானோகிராம்தான். ஆண் மீன்கள் பெண் தன்மை அடைந்து, அந்தச் சிறு மீனினமே ஏரியில் ஏறக்குறைய அற்றுப்போனது. இத்தகைய ஹார்மோன்கள் கலந்துவரும் நகரக் கழிவுநீர் அப்படியே ஏரிக்குள் போவதை நான் எதிர்ப்பது இதனால்தான்.

பறவை முட்டைக்கே திரும்புவோம். ஓடு மெலிந்ததை முதலில் கண்டுபிடித்தவர் பிரிட்டிஷ் ஆய்வாளர் டெரெக் ராட்கிளிஃப். எப்படித் தெரியுமா? பிரிட்டனில் முட்டை சேகரிப்பவர்கள் பெட்டிகளில் தேதியிட்டு வைத்திருந்த பைரி என்ற வேட்டைப் பறவையின் பழைய முட்டைகளின் ஓட்டை எடைபோட்டு, அளந்து பார்த்தார். 1940-களின் பிற்பாதியில், டி.டி.டி. புழக்கத்துக்கு வந்த சமயத்திலேயே, ஓடு மெலியத் தொடங்கியிருந்தது. 1967-ல் அதை எழுதினார். நெலப்பட்டு மரங்களுக்கடியில் விழும் உடைந்த ஓடுகளையும் வனத்துறையினர் ஆண்டுதோறும் பொறுக்கி, உறையில் போட்டு, தேதி எழுதி வைக்க வேண்டும். அதற்கு ஒரு அலமாரி போதும்.