தாளமானமும் கணினிப் பொம்மையும்: ஓர் ஒப்பு நோக்கு

உருவம் சமைத்தல் தமிழகத்தின் தொல்கலைகளுள் ஒன்று. கல்லிலும் செம்பிலும் சுதையிலும் மரத்திலும் நம் முன்னோர் உருவம் செய்தனர். இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் கணினித் திரையில் உருவம் செய்கிறார்கள். முன்னதைக் கலை என்று போற்றும் நாம், பின்னதைப் பொம்மை விளையாட்டு என்று ஒதுக்கிவிடுகிறோம். நம் சிற்பியர் வகுத்த அளவுகோல்கள் கணினி உருவத்துக்கும் பொருந்துமா? பெரும்பாலும் பொருந்தும் என்பதும், பொருந்தாத இடத்தில் பழைய சமணக் காவியம் ஒன்று கைகொடுக்கும் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

அடியேன் பல்கலைக்கழகம் கண்டவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்து, டில்லி போகல் கடைத்தெருவில் புழுங்கலரிசியும் புளியும் அப்பளமும் விற்றுப் பிழைப்பவன். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து சிற்ப நூலும் காவியமும் படித்தவன். எடைபோடுவது என் தொழில் என்பதால் இந்தப் பொருளை எடுத்துக்கொண்டேன்.

விளையாட்டின் வரலாறு

பிள்ளைகள் ஆடும் சுடும் விளையாட்டுகளில் பெயர்பெற்றது கவுன்ட்டர் ஸ்ட்ரைக். இதன் பிறப்பே ரசிகர் கைவண்ணம். அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 1998-இல் ஹாஃப் லைஃப் என்ற விளையாட்டை வெளியிட்டது. வியட்நாமிய வம்சாவளிக் கனடியரான மின் லே என்ற மாணவரும், ஜெஸ் கிளிஃப் என்பவரும் அதை அடித்தளமாக வைத்து 1999-இல் கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கை உருவாக்கி இலவசமாகக் கொடுத்தார்கள். ஆட்களின் உருவங்களை வடிப்பதில் மின் லே முன்னின்றார். 2000-இல் வால்வ் நிறுவனமே அதை ஏற்றுத் தன் பெயரில் வெளியிட்டது. 2003-இல் வந்த 1.6 என்ற பதிப்பு பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும் என்பதால் இன்றும் ஆடப்படுகிறது.

ஆகவே "ரசிகன் செய்ததுதானே" என்று இளக்காரமாகப் பேசுவதற்கு இடமில்லை. இந்த விளையாட்டில் மூலவரே ரசிகன் செய்தவர்தாம்!

மதராசி கேம்ப் தாத்தா

டில்லித் தமிழர்க்கு மதராசி கேம்ப் தெரியும். வெளியூர் வாசகர்க்காகச் சொல்கிறேன். ஜங்புராவை ஒட்டி, பாராபுல்லா கால்வாய்க் கரையில், பல பத்தாண்டுகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த குடிசைப் பகுதி அது. கால்வாயின் நீரோட்டத்துக்குத் தடை என்ற காரணத்தால், டில்லி உயர் நீதிமன்ற உத்தரவின்படி, 2025 ஜூன் 1 அன்று சுமார் 370 வீடுகள் இடிக்கப்பட்டன. தகுதி உண்டு என்று கண்ட குடும்பங்களுக்கு நகரின் வடகோடியான நரேலாவில் வீடு ஒதுக்கினார்கள். மற்றவர்கள் வாடகைக்கு இடம் தேடிப் போனார்கள்.

நரேலா போன குடும்பம் ஒன்று எங்கள் கடையின் பழைய வாடிக்கை. அந்த வீட்டுப் பையன் கல்லூரியில் படிக்கிறான். காலஞ்சென்ற அவன் தாத்தா, நிஜாமுதீன் பக்கம் இரவுக் காவல் பார்த்தவர், எனக்கு முப்பது வருஷப் பழக்கம். பையன் அந்தத் தாத்தாவையே கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 1.6-க்கு ஓர் உருவமாகச் செய்திருந்தான். காக்கிச் சட்டை, கட்டம்போட்ட லுங்கி, தோளில் துண்டு. முகத்துக்கு, வாக்காளர் அட்டைக்காக எடுத்த போட்டோ. வீட்டில் தெளிவாக இருந்தது அது ஒன்றுதான். லேப்டாப்பைக் கடைக்கே தூக்கிக்கொண்டு வந்து, "நயினார் ஐயா, நீங்க தாத்தாவப் பார்த்தவரு. எப்படி இருக்கு, உண்மையச் சொல்லுங்க" என்றான். அவனும் நானும் இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து அதை எடைபோட்டோம். கண்டவற்றை முறைப்படுத்தித் தருகிறேன்.

அளவு

கணினி உருவம் என்பது சிறுசிறு முக்கோணங்களை ஒட்டிச் செய்த வெற்றுக்கூடு. மேலே வண்ணத்தோல், உள்ளே ஆட்டுவிக்கும் எலும்புக் கோடுகள். 1.6-இன் மூல உருவங்கள் ஏறத்தாழ ஆயிரம் முக்கோணங்களுக்குள் அடங்குபவை. இக்கால விளையாட்டுகளின் உருவங்களுக்குப் பல ஆயிரம் செலவாகிறது. ஆகையால் எந்த இடத்தில் முக்கோணத்தைச் செலவிடுகிறான் என்பதே செய்பவனின் திறமை. பையன் சட்டைப் பொத்தானை வண்ணத்தில் தீட்டிவிட்டு, மூக்குக்கும் துண்டின் மடிப்புக்கும் முக்கோணங்களைச் செலவிட்டிருந்தான். நல்ல கணக்கு.

சிற்ப நூலார் முகத்தின் நீளத்தை ஒரு தாளம் என்பர். ஒரு தாளம் 12 அங்குலம். இது இஞ்சு அல்ல, உருவத்துக்குள்ளேயே பங்கிட்ட அளவு. மனித உருவத்துக்கு ஏற்ற நவதாளத்தில், முகம் 12, கழுத்து 4, மார்பு வரை 12, உந்தி வரை 12, அதன் கீழ் 12, தொடை 24, முழங்கால் 4, கணைக்கால் 24, பாதம் 4; ஆக 108. பெருந்தெய்வங்களுக்குத் தசதாளம், அதில் உத்தமம் 124 அங்குலம்.

இந்த விளையாட்டில் நிற்கும் ஆளுக்கு ஒதுக்கிய இடம் 72 அலகு உயரம், 32 அலகு அகலம். 72-ஐ ஒன்பதால் வகுத்தால் தாளத்துக்கு 8 அலகு. தாத்தாவின் முகத்தை அளந்தால் 11! (அவருக்கு வழுக்கை, மயிரெல்லை எங்கே என்று ஊகிக்கவே அரை மணி ஆயிற்று.) அப்படியானால் உடல் ஆறரைத் தாளம்தான். அது சிறுபிள்ளையின் அளவை நோக்கிப் போகிறது. "மூஞ்சி தெரியணும்னு பெருசாக்கினேன் ஐயா" என்றான். அன்பு மிகுந்த இடத்தில் அளவு தவறுவது இயல்பு. ஆனால் பார்ப்பவன் சிரிப்பான்.

அடையாளம்

தீர்த்தங்கரர் உருவங்கள் எல்லாம் ஒரே சாயலில் அமைந்தவை. வேறுபாடு காட்டுவது லாஞ்சனம் என்னும் குறி: ஆதிநாதருக்குக் காளை, மகாவீரருக்குச் சிங்கம். பார்சுவநாதருக்குத் தலைமேல் பாம்புப் படம். பாகுபலிக்குக் காலில் படர்ந்த கொடி. கழுகுமலைப் பாறையின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாலும், பாம்புப் படத்தை வைத்தே பார்சுவநாதர் என்று சொல்லிவிடலாம்.

இந்த நுட்பத்தை இக்காலத்தாரும் அறிவர். வால்வ் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட டீம் ஃபோர்ட்ரஸ் 2 விளையாட்டில் ஒன்பது வகை வீரர்கள் உண்டு. நிழலாகத் தெரிந்தாலே இன்னார் என்று சொல்லும்படி, அவர்களின் வெளிக்கோட்டைத் திட்டமிட்டு அமைத்தார்கள்.

பையனின் தாத்தாவுக்குத் துண்டே லாஞ்சனம். தூரத்தில் முகம் நாலு புள்ளியாகத் தேய்ந்த பிறகும், தோளில் தொங்கும் துண்டு தெரிகிறது. இதில் நான் முழு மதிப்பெண் கொடுத்தேன்.

மூட்டும் துணியும்

கல்லுருவம் அசையாது, இது ஓடவேண்டும். 1.6-இன் அமைப்பில் முக்கோணத்தின் ஒவ்வொரு முனையும் ஒரே ஒரு எலும்போடுதான் கட்டப்படும். கால்சட்டைக்கு இது போதும். லுங்கிக்கு? பாதி முனைகள் இடது தொடையோடும் பாதி வலது தொடையோடும் போகின்றன. தாத்தா ஓடும்போது நடுவில் துணி ரப்பர் போல இழுபட்டு, சமயத்தில் கால் துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. பையன் பல வழி பார்த்துவிட்டு, லுங்கியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிவிட்டான். இழுபடும் துணி குறைந்தது, குறையும் குறைந்தது. தாத்தாவும் வேலை என்று வந்தால் அப்படித்தான் கட்டுவார். கருவியின் குறைபாடும் வாழ்க்கையின் வழக்கமும் ஒரே இடத்தில் சந்தித்தன.

அடிபடும் பெட்டி

இந்த விளையாட்டில் குண்டு படுவது கண்ணுக்குத் தெரியும் உருவத்தின் மேல் அன்று. எலும்புகளில் கண்ணுக்குத் தெரியாத பெட்டிகள் கட்டப்பட்டுள்ளன: தலை, மார்பு, வயிறு, இரு கை, இரு கால். தலைப்பெட்டியில் பட்டால் சேதம் நான்கு மடங்கு, காலில் பட்டால் முக்கால் பங்கு. கணக்குப் போடுவது சர்வர், அதுவும் தன்னிடமுள்ள மூல உருவத்தை வைத்து.

பையன் முதலில் தாத்தாவைக் கூன் விழுந்தவராகவே செய்திருந்தான், இருந்தபடியே. ஆனால் சர்வருக்கு அவர் நிமிர்ந்து நிற்கும் ஆள்தான். திரையில் தெரியும் தலையைக் குறிபார்த்தால், கணக்கில் அது மார்பில் படும். பெரிதாக்கிய நெற்றியில் சுட்டால் குண்டு காற்றில் போகும். எடைக்கல்லும் பொருளும் வெவ்வேறு கடையில் இருப்பது போல. அதனால் பல சர்வர்கள் ஆடுபவரின் கோப்பு மூலத்தோடு ஒத்திருக்கிறதா என்று சோதித்து, மாறியிருந்தால் உள்ளே விடுவதில்லை. ஆகவே தாத்தாவை நிமிர்த்தினோம், முகத்தையும் 8 அலகுக்குக் குறைத்தோம். நிமிர்த்தியதும் பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "எனக்கு ஞாபகம் இருக்கிற தாத்தா இப்படி இல்ல" என்றான். "எனக்கு ஞாபகம் இருக்கிறவர் இப்படித்தான்" என்றேன். அவர் புளி மூட்டையைத் தோளில் ஏற்றிய காலம் எனக்குத் தெரியும்.

யார் செய்தது?

காக்கி உடம்பை முழுக்க அவனே செய்யவில்லை. வேறொரு ரசிகர் செய்த உருவத்தை வாங்கித் தலையையும் லுங்கியையும் மாற்றினான். இது குற்றமில்லை, பெயர் சொன்னால். கழுகுமலையில் பல திருமேனிகளின் கீழ், இன்ன ஊர் இன்னார் செய்வித்தது என்று வட்டெழுத்தில் பொறித்திருக்கிறார்கள். 2014-இல் கவுன்ட்டர் ஸ்ட்ரைக் துப்பாக்கிக்கு ரசிகர்கள் அனுப்பிய ஹவுல் என்ற வண்ணப்பூச்சு, இன்னொருவர் வரைந்த படத்தைத் திருடியது என்று தெரிந்ததும், வால்வ் நிறுவனம் அதைத் தடைப் பொருளாக அறிவித்தது. பையன் கோப்போடு ஒரு குறிப்பு வைத்து மூலம் செய்தவரின் பெயரை எழுதினான்.

எங்கே வைப்பது?

இதுவரை சொன்னவை சிற்பி சொல்லித் தருபவை. இனிச் சொல்வதைச் சிற்ப நூல் சொல்லாது.

இவ்வகை விளையாட்டில் ஆடுபவன் தன் உருவத்தைத் தான் காண்பதில்லை. கையும் துப்பாக்கியும்தான் தெரியும். 1.6-இல் நம் கம்ப்யூட்டரில் ஓர் உருவக்கோப்பை மாற்றினால், அந்த உருவத்தை எடுத்த மற்ற எல்லோரும் நம் திரையில் அந்த முகத்தோடு வருவார்கள். போலீஸ் தரப்பில் முகமூடியும் ஹெல்மெட்டும்தான் அதிகம். முகம் தெரிய வேண்டும் என்பதற்காகப் பையன் பயங்கரவாதி தரப்பின் லீட் என்ற உருவத்தில் தாத்தாவை வைத்திருந்தான். விளைவு என்ன? அவன் போலீஸாக ஆடினால், எதிரே வருபவர் பலர் தாத்தா. அவன் சுட வேண்டியதும் தாத்தாவை. இதைப் பார்த்த அவன் அப்பா, "செத்த மனுஷனை எதுக்குடா திரும்பச் சாகடிக்கிற?" என்று லேப்டாப்பை மூடிவிட்டாராம். பையன் என்னிடம் வந்த உண்மைக் காரணம் அதுவே.

ஐஞ்சிறு காப்பியங்களுள் யசோதர காவியம் ஒன்று. யசோதர மன்னன் தீக்கனவு கண்டதாகச் சொல்கிறான். தாய் சந்திரமதி, தேவிக்கு உயிர்ப்பலி கொடு என்கிறாள். அவன் கொல்ல மறுக்கிறான். சரி, மாவினால் கோழி செய்து வெட்டு என்கிறாள். உயிரில்லாத மாக்கோழிதானே என்று இணங்கி வாளை ஓங்குகிறான். அந்தச் செயலுக்காகத் தாயும் மகனும் மயில், நாய் முதலாகப் பல விலங்குப் பிறவி எடுத்து அல்லலுறுவதே கதை. மாவுக்கு வலித்ததா என்பதன்று காவியத்தின் கேள்வி. வெட்டும்போது வெட்டுபவன் நெஞ்சில் என்ன இருந்தது என்பதே. இதனைப் பாவ ஹிம்சை, அதாவது எண்ணத்தால் செய்யும் கொலை, என்பர் எம் முன்னோர்.

இதைச் சொல்லி எல்லா விளையாட்டையும் நிறுத்தச் சொல்ல நான் வரவில்லை. சதுரங்கத்தில் காய் வெட்டாத குடும்பம் எது? முகமில்லாத காய் வேறு, முகம் தெரிந்த உருவம் வேறு. கதையைக் கேட்ட பையன் யோசித்துவிட்டு, தானே வழி சொன்னான்: "விஐபி ஒருத்தர் இருக்காரு ஐயா." அந்த விளையாட்டின் சில களங்களில், போலீஸ் தரப்பில் ஒருவர் பாதுகாக்கப்பட வேண்டிய பெரிய மனிதர். கையில் சிறு துப்பாக்கி மட்டும். மற்றவர்கள் அவரைச் சூழ்ந்து நின்று தப்பிக்கும் இடம் வரை கொண்டு சேர்க்க வேண்டும். லீட் கோப்பைப் பழையபடி ஆக்கிவிட்டு, தாத்தாவை விஐபி இடத்தில் வைத்தான். அவன் காவல் தரப்பில் ஆடும் வரை, இரவெல்லாம் பிறர் வீட்டைக் காத்தவரை இப்போது அவன் காக்கிறான். இதற்கு அவன் அப்பா மறுப்புச் சொல்லவில்லை.

பெற்றோர்க்கு

உங்கள் வீட்டுப் பிள்ளையும் இப்படி ஏதாவது செய்துகொண்டிருக்கலாம். "படிக்காம என்னடா பண்ற" என்று தொடங்குமுன் பக்கத்தில் உட்கார்ந்து ஆறு கேள்வி கேளுங்கள். முகத்துக்கும் உடலுக்கும் அளவு ஒத்திருக்கிறதா? தூரத்தில் இன்னார் என்று தெரிகிறதா? ஓடும்போது மூட்டும் துணியும் பிசகாமல் இருக்கிறதா? கண்ணுக்குத் தெரிவதும் கணக்கில் உள்ளதும் ஒன்றா? பிறர் உழைப்பைப் பெயர் சொல்லி எடுத்தானா? இந்த உருவத்தை யாருடைய குறிக்கு முன்னால் நிறுத்துகிறான்? முதல் ஐந்துக்கும் பிள்ளைகளே உங்களுக்குப் பாடம் நடத்துவார்கள். ஆறாவதை அவர்களாகக் கேட்டுக்கொள்ள மாட்டார்கள். அதைக் கேட்க வீட்டில் ஒரு பெரியவர் வேண்டும்.