லாப்ரடாரா, சிப்பிப்பாறையா?

நாய் வளர்க்க அம்மாவும் அப்பாவும் ஒருவழியாகச் சம்மதித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நிமிடமே வீட்டில் சண்டை ஆரம்பித்துவிடும். அக்காவுக்கு லாப்ரடார் வேண்டும், தம்பிக்குச் சிப்பிப்பாறை. எந்தக் குட்டி அழகு என்று படத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். இதன் பாட்டன் பூட்டன் எல்லாம் என்ன வேலை பார்த்தார்கள் என்று முதலில் கேளுங்கள். அந்த வேலைக்குத் தகுந்தபடிதான் நாயின் உடம்பு அமைந்திருக்கிறது.

கனடாவின் கிழக்கு ஓரத்தில் நியூஃபவுண்ட்லாந்து என்று ஒரு பெரிய தீவு. சுற்றிலும் பனிக்கட்டி மிதந்து வரும் கடல். அங்கே மீனவர்களோடு படகில் போன நாய்கள் தண்ணீரில் குதித்து, வலைக்கயிற்றையும் நழுவிய மீனையும் கவ்விக்கொண்டு வரும். 19ஆம் நூற்றாண்டில் அவற்றைப் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்கள். சுட்டு வீழ்த்திய வாத்தைப் பல் பதியாமல் எடுத்துவரப் பழக்கினார்கள். அந்த வழியில் வந்ததுதான் லாப்ரடார். 1903இல் பிரிட்டனின் கென்னல் கிளப் அதைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது.

லாப்ரடாரின் முடியைக் கையால் விலக்கிப் பார்த்தால் இரண்டு அடுக்கு தெரியும். மேலே தண்ணீர் ஒட்டாத முரட்டு முடி. அடியில் மெத்தென்று நெருக்கமாக இன்னொன்று. உறையவைக்கும் கடலிலும் உடம்புச் சூடு வெளியே போகாமல் அது காக்கும். கால்விரல்களுக்கு நடுவே தோல் உண்டு. அடிப்பக்கம் தடித்த வால், நீந்தும்போது சுக்கான்.

சிப்பிப்பாறைக்கு ஊர்ப் பெயரே பெயர். தென் தமிழ்நாட்டின் வறண்ட காடுகளில் முயல் துரத்திய வேட்டைநாய் அது. ஒட்டிய வயிறு, ஆழமான மார்பு, நீண்ட கால், மெல்லிய ஒற்றை அடுக்கு முடி. மார்பு ஆழமாக இருப்பதால் பெரிய நுரையீரலுக்கும் வலுவான இதயத்துக்கும் உள்ளே இடம் கிடைக்கிறது. இந்த வகை நாய்கள் ஓடும்போது முதுகெலும்பு வில்லாக வளைந்து நிமிரும். குதிரை நாலு கால் பாய்ச்சலில் ஒரு சுற்றுக்கு ஒருமுறைதான் நான்கு கால்களும் தரையில் படாமல் பறக்கும். இவை இரண்டு முறை பறக்கும்: கால்களைச் சுருக்கும்போது ஒன்று, நீட்டும்போது ஒன்று.

கண்ணிலும் ஒரு விஷயம் இருக்கிறது. சிப்பிப்பாறையைப் போல நீண்ட மூக்குள்ள நாய்களின் விழித்திரையில், பார்வை நரம்புச் செல்கள் ஒரு கிடைக்கோடாக நெருங்கி அமைந்திருப்பதை 2004இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். தொடுவானத்தை ஒட்டி ஏதாவது ஓடினால் உடனே கண்ணில் பட இந்த அமைப்பு உதவும். இன்றைக்கு முயல் வேட்டை சட்டப்படி குற்றம். வேலை போய்விட்டது, ஆனால் கண்ணும் காலும் அப்படியே இருக்கின்றன. தெருவில் ஒரு பூனை குறுக்கே ஓடினால் சிப்பிப்பாறை என்ன செய்யும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கையில் பிடித்த கயிறும், உயரமான சுற்றுச்சுவரும் இல்லாத வீட்டுக்கு அது பொருந்தாது.

இனி வெயிலுக்கு வருவோம். நம் ஊரில் இதுதான் பெரிய கேள்வி என்பது என் எண்ணம். நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்குப் பாதத்தில்தான் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்து, வாயின் ஈரத்தை ஆவியாக்கித்தான் உடம்பைக் குளிர்விக்க வேண்டும். தடித்த உடம்பில் இரண்டு அடுக்கு முடியோடு இதைச் செய்வது லாப்ரடாருக்குக் கடினம். ஒல்லியான உடம்பில் எடைக்கு ஏற்ற தோல் பரப்பு அதிகம்; சூடு சீக்கிரம் வெளியேறும். அதனால் சித்திரை வெயிலைச் சிப்பிப்பாறை எளிதாகத் தாங்குகிறது. ஊட்டிக்குக் கொண்டுபோனால் கதை மாறிவிடும்: லாப்ரடார் குஷியாக இருக்கும், சிப்பிப்பாறை நடுங்கும். மதுரையிலோ வேலூரிலோ லாப்ரடார் வளர்ப்பவர்கள் வெயில் ஏறுமுன் அதை நடத்திக் கூட்டிவர வேண்டும். புறங்கையை ஏழு விநாடி தார்ச்சாலையில் வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியவில்லை என்றால் நாயின் பாதத்துக்கும் அது சுடும்.

லாப்ரடார் எப்போதும் தட்டையே பார்க்கிறதே, ஏன்? சாப்பாடு போதும் என்று மூளைக்குச் சொல்லும் வேதிப்பொருள்களை உண்டாக்குவதில் ஒரு மரபணுவுக்குப் பங்கு உண்டு. லாப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு அந்த மரபணுவில் ஒரு துண்டு குறைந்திருப்பதை 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அந்த நாய்க்குப் பசி எளிதில் அடங்காது. பாவம், அதைப் பேராசை என்று திட்டக் கூடாது. அதற்காக ஆளாளுக்கு ஒரு பிஸ்கட் போடவும் கூடாது. இந்த இனத்துக்கு இடுப்பு மூட்டு நோய் அடிக்கடி வரும். எடை ஏற ஏற வலியும் ஏறும். பாசத்தில் பாட்டி ரகசியமாக இட்லி ஊட்டும் வீடு என்றால், முதலில் பாட்டியிடம் பேசிவிடுங்கள்.

“இரண்டில் எது சாது?” என்று கேட்பீர்கள். இதற்கு இனத்தின் பெயர் சரியான பதில் தராது. அமெரிக்காவில் 18,000க்கும் மேற்பட்ட நாய்களை ஆராய்ந்து 2022இல் ஒரு கட்டுரை வந்தது. நாய்க்கு நாய் குணம் மாறுவதில் இனத்தின் பங்கு சுமார் 9 சதவீதம்தான் என்றது அது. உடம்பைப் பற்றி இனம் நிறையச் சொல்லும். குணத்தைப் பற்றிக் கொஞ்சம்தான். குட்டி பிறந்த 3ஆவது வாரத்திலிருந்து ஏறக்குறைய 14ஆவது வாரம் வரை பார்க்கும் மனிதர்கள், கேட்கும் சத்தங்கள் எல்லாம் அதன் குணத்தில் பதியும். அந்த நாள்களில் அன்பாகப் பழகினால் லாப்ரடாரும் சாது, சிப்பிப்பாறையும் சாது.

என்னைக் கேட்டால், சுவர் கட்டிய தோட்டமும், தினமும் ஓடவிட ஓர் ஆளும் உள்ள வெயில் ஊர் வீட்டுக்குச் சிப்பிப்பாறை. குளிர்ந்த ஊரில், சாப்பாட்டை அளந்து வைக்கும் கண்டிப்பு இருந்தால், லாப்ரடார். காலையும் மாலையும் கூட்டிப்போக யாருக்கும் நேரம் இல்லையா? இப்போதைக்கு இரண்டும் வேண்டாம்.

முடிவு செய்தபின் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்பது நம் நாட்டு விதி. குட்டியைப் பார்க்கப் போகும்போது அதன் வயதைக் கேளுங்கள். தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கும் இடத்தில் குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் முதலில் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போய், வெறிநோய்த் தடுப்பூசிக்கு எந்த நாள் வர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் வைக்கும் சண்டையை அதற்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.