ஓம்ஸ் கணக்கு: அன்றும் இன்றும்

நாகூரிலிருந்து வடக்கே போனால், காரைக்கால் எல்லைக்குள் நுழைந்ததும் கீழவாஞ்சூர். 2009இல் துறைமுகம் வந்த பிறகு ஊரின் ஓசையே மாறிவிட்டது. வீட்டுக்குள் ஒலிக்கும் பாட்டுப் பெட்டியும்தான்.

1980களில் இந்தப் பக்கத்து வீடுகளில் சிங்கப்பூர் டேப் ரிக்கார்டர் இருக்கும். இல்லையென்றால் ரேடியோ மெக்கானிக் கட்டிக்கொடுத்த அசெம்பிள் செட். 3055 டிரான்சிஸ்டர் ஜோடி, மண்பானை வாயில் கவிழ்த்த ஸ்பீக்கர், அதில் நாகூர் ஹனிபாவின் குரல். ஸ்பீக்கர் வாங்கப் போனால் முதலில் காந்தத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள்: எட்டு ஓம்ஸா, நாலு ஓம்ஸா? பிறகு பேனா பேட்டரியைக் கம்பியில் ஒரு நொடி வைத்தால் ‘டப்’ என்று சத்தம் வரும். பேப்பர் கோன் வெளியே தள்ளினால், பேட்டரியின் பிளஸ் பட்ட முனைதான் ஸ்பீக்கரின் பிளஸ்.

அந்தக் கணக்குக்குக் காரணம் இருந்தது. 12 வோல்ட் போனால் எட்டு ஓம் ஸ்பீக்கர் 1.5 ஆம்பியர் இழுக்கும். நாலு ஓம் 3 ஆம்பியர். எட்டு ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பக்கவாட்டில் சேர்த்தால் நாலு ஓம். நான்கைச் சேர்த்தால் இரண்டே ஓம், 6 ஆம்பியர். ஆசைக்கு ஒரு பானை கூடுதலாக வைத்தால் ஹீட் சிங்க் கை வைக்க முடியாமல் கொதிக்கும். கடைசியில் டிரான்சிஸ்டர் போய்விடும். வால்வு காலத்தில் இந்த ஓம் பொருத்தத்தை டிரான்ஸ்ஃபார்மர் பார்த்துக்கொண்டது. 4, 8, 16 என்று தனித்தனி முனைகள் இருக்கும். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஒலியைக் கூட்டுவதுதான் அங்கே ஆபத்து.

இன்று உள்ளங்கை அகல கிளாஸ்-டி ஆம்ப்ளிஃபையர் போர்டு, போனிலிருந்து புளூடூத். டிபிஏ3116 சிப் 21 வோல்ட்டில் நாலு ஓம் ஸ்பீக்கருக்குப் பக்கத்துக்கு 50 வாட் தருகிறது. மின்னோட்டம் மீறினால் தானே அணைந்துகொள்கிறது. அதனால் காந்தத்தைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் போய்விட்டது. எனக்கு அதில்தான் வருத்தம். கம்பி இழுக்கும் முறையும் மாற வேண்டியிருக்கிறது. பழைய செட்டில் இரண்டு பெட்டிக்கும் மைனஸ் ஒன்றே என்று ஒரே கம்பியை இழுத்திருப்பார்கள். இந்தப் போர்டில் ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் சிக்னல் ஓடுகிறது. எதுவும் எர்த் இல்லை. பொதுக் கம்பியில் மாட்டினால் நல்ல போர்டு அணைந்து அணைந்து எரியும். மலிவான போர்டு கருகும்.

பானையைப் பரணிலிருந்து இறக்குகிறவர்கள் ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாக இரண்டு கம்பி இழுங்கள். உப்புக் காற்றில் பச்சை பூத்த முனையை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவுங்கள். மீட்டர் ஆறு ஓம் காட்டினால் பயம் வேண்டாம், அது எட்டு ஓம் ஸ்பீக்கர்தான். எல்லாவற்றுக்கும் முன்னால், பின்பக்கம் திருப்பிப் பாருங்கள்.